பி.எல்., ஆர்.எஃப்., இ மவுண்ட்: சேலத்தில் எங்கள் யூனிட்டுக்கு எது ஒத்துவந்தது?

போன வருடம் கேமரா வாங்கியபோது பாடியைவிட மவுண்டைப் பற்றித்தான், அதாவது லென்ஸ் மாட்டுகிற வாயைப் பற்றித்தான், அதிகம் பேசினோம். ஆர்.எஃப். மவுண்ட் உள்ள கேனான் சி70 ஒரு பக்கம், இ மவுண்ட் உள்ள சோனி எஃப்எக்ஸ்9 இன்னொரு பக்கம். பி.எல். மவுண்டோடு ஆரி கம்பெனியின் பழைய அலெக்சா சினிமா கேமரா ஒன்றும் விலைக்கு வந்தது. கடைசியில் செகண்ட் ஹேண்டில் எஃப்எக்ஸ்9 எடுத்தோம். நிறம், ஆட்டோஃபோகஸ் எல்லாம் எல்லாரும் பேசி முடித்த விஷயம், விட்டுவிடுகிறேன்.

சினிமா லென்ஸ் வேண்டுமென்றால் நாங்கள் சென்னையிலிருந்துதான் வரவழைக்கிறோம். வருவதெல்லாம் அநேகமாக பி.எல். ஆரி 1982-ல் கொண்டுவந்த அந்த மவுண்டில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் சென்சாருக்கும் நடுவே 52 மி.மீ. ஆர்.எஃப்.-ல் அது 20, இ மவுண்டில் 18. மிச்சத்தை அடாப்டர் நிரப்பிவிடும் என்பதால் இரண்டிலுமே பி.எல். லென்ஸ் மாட்டலாம்.

அடாப்டர் பாடியில் எப்படி உட்காருகிறது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முழு விஷயமும். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் விளம்பரம் எடுத்தோம். திருகிப் பூட்டுகிற மவுண்ட் உள்ள வாடகைக் கேமரா, வாடகை அடாப்டர், அதன் மேல் கனமான ஜூம். ஃபோகஸைப் பார்த்துக்கொள்ளும் ஃபோகஸ் புல்லர் தம்பி டேப் பிடித்தால் 10 அடி. லென்ஸில் எட்டரையில்தான் முகம் ஷார்ப்பாகிறது. ஜூமை டெலிக்கு (கிட்டே) இழுத்து ஃபோகஸ் வைத்து, வைடுக்கு (அகலமாக) வந்தால் மிளகுக்கொடியெல்லாம் மங்கல். போதாக்குறைக்கு, ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும் மோட்டார் திசை மாறும்போதெல்லாம் லென்ஸ் ஒரு நூல் திரும்பி ஃப்ரேம் அசைந்தது. ஃபோகஸ் தப்பியதற்குக் காரணம் அடாப்டர் துளி மெலிசு, அவ்வளவுதான். நூறில் ஒரு பங்கு மி.மீ. கணக்கில் ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) வைத்தால் சரியாகிற கோளாறு. மலை மேல் ஷிம்முக்கு எங்கே போவது? பாதி நாள் போயிற்று.

எஃப்எக்ஸ்9-ல் இருப்பது லிவர் லாக். லென்ஸ் திரும்பாது, வெளிவளையம்தான் திரும்பி இறுக்கும். அந்த ஒரு நூல் ஆட்டம் இதில் எனக்கு வரவில்லை. ஷிம் வேலை மட்டும் இதிலும் உண்டு. சொந்தமாக ஒரே அடாப்டர் வாங்கி, ஒருமுறை ஷிம் வைத்து, அதை வேறு பாடிக்கு மாற்றாமல் வைத்திருக்கிறோம். லென்ஸ் வந்த அன்றே தூரத்துத் தண்ணீர்த் தொட்டியை டெலியில் ஃபோகஸ் பண்ணி, வைடில் பார்த்துவிடுவோம். அதே லிவர் லாக் ஆர்.எஃப்.-ல் வேண்டுமென்றால் ரெட் கொமோடோ எக்ஸ் இருக்கிறது. அந்த விலை எங்களுக்கு எட்டாது.

உறுதி என்று பார்த்தால் பி.எல். பாடிக்கு நிகர் இல்லை. ஆனால் எங்களுக்குச் சோறு போடுவது கல்யாண வேலை. 44 மி.மீ. கணக்கில் செய்த கேனான் இ.எஃப். லென்ஸ் 52-ல் உட்கார்ந்தால் தூரத்தில் ஃபோகஸே வராது. கையிலிருக்கும் ஸ்டில் லென்ஸெல்லாம் வீண். விளம்பரமும் சினிமாவும் மட்டும் செய்கிறவர் என்றால் யோசிக்காமல் பி.எல். எடுக்கலாம். ஆரி 2018-ல் கொண்டுவந்த எல்.பி.எல். மவுண்டில் நான் வேலை செய்தது இரண்டே நாள், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

செகண்ட் ஹேண்டில் எஃப்எக்ஸ்9 பார்க்கப் போகிறவர்கள் கனமான லென்ஸ் ஒன்றைக் கையோடு எடுத்துப்போங்கள். மாட்டி, லிவரை இறுக்கி, லென்ஸின் முனையைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். துளி ஆடினாலும் வேறு பாடி தேடுங்கள்.