ஆன்சன் ஜோன்ஸ்: டாக்டராகவே இருந்திருக்கலாமோ?

டெக்சாஸ் தனி நாடாக இருந்தபோது அதன் கடைசி அதிபர் ஆன்சன் ஜோன்ஸ், அடிப்படையில் ஒரு டாக்டர். அவருடைய இரண்டு தொழில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மருத்துவம்தான் தேவலை என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக ஆரம்பமே அமர்க்களம் என்று சொல்லவில்லை. 1820-இல் உரிமம் வாங்கியும் தொழில் ஓடவில்லை, கடன் கழுத்தை நெரித்தது, வெனிசுலாவில் இரண்டு வருடம் இருந்து பார்த்தார், 1827-இல் பிலடெல்பியாவில் பட்டம் வாங்கினார், நியூ ஆர்லியன்ஸில் செய்த வியாபாரமும் கவிழ்ந்தது. 1833-இல் டெக்சாஸின் பிரசோரியாவுக்கு வந்த பிறகுதான் டாக்டர் தொழில் பிடித்தது. மெக்சிகோவிடமிருந்து டெக்சாஸ் பிரிந்து தனி நாடாக வழிவகுத்த 1836 சான் ஜசிந்தோ போரில் படை மருத்துவராகவும் இருந்தார்.

அரசியல் நேர் எதிர். மளமளவென்று ஏற்றம்: டெக்சாஸ் காங்கிரஸ் (அதாவது நாடாளுமன்ற) உறுப்பினர், வாஷிங்டனில் தூதர், வெளியுறவுச் செயலர், 1844 டிசம்பரில் அதிபர். சரி, அதிபராகி என்ன செய்தார்? டெக்சாஸ் அமெரிக்காவோடு இணைந்ததால், 1846 பிப்ரவரி 19 அன்று டெக்சாஸ் குடியரசு இனி இல்லை என்று அறிவித்து, தன் நாற்காலியைத் தானே மடக்கி வைத்தார். அப்புறம் அமெரிக்க செனட்டுக்குப் போகலாம் என்று காத்திருந்தால், டெக்சாஸின் வேறு இரண்டு தலைவர்களான சாம் ஹூஸ்டனும் தாமஸ் ரஸ்க்கும் போனார்கள். 1857-இல் மறுபடி ஆசைப்பட்டபோது ஒரு ஓட்டுகூட விழவில்லை. அந்தக் கசப்போடு 1858 ஜனவரியில், ஹூஸ்டன் நகர விடுதி ஒன்றில் உயிரை மாய்த்துக்கொண்டார்.