சேலம் வெயிலுக்கு ஷிட்சூவா, ஸ்பிட்ஸா?

சேலத்தில் ‘பொமரேனியன்’ என்று கைமாறும் வெள்ளை நாய்க்குட்டி பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸாகத்தான் இருக்கும். அசல் பொமரேனியன் முழுதாக வளர்ந்தாலும் மூன்று கிலோ சொச்சத்தைத் தாண்டாது. ஸ்பிட்ஸில் சிறிய வகையே 5 முதல் 7 கிலோ. தாய் நாயை நேரில் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.

‘இவ்வளவு முடியோடு இந்த ஊர் வெயிலில் எப்படித் தாங்கும்?’ என்று ஸ்பிட்ஸை ஒதுக்கி, பல மடங்கு விலை கொடுத்து ஷிட்சூ என்கிற சப்பை மூக்குக் குட்டை நாயை வாங்குகிறார்கள். கணக்கு தலைகீழ். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும்; சூட்டை வெளியே தள்ளுவது மூச்சிரைப்பு. நீள மூக்குள்ள ஸ்பிட்ஸுக்கு அது சுலபம். சப்பை மூக்கு ஷிட்சூவுக்குக் காற்றுப் பாதையே குறுகல். மே மாத மதியம், மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் கரண்ட் போனால் ஸ்பிட்ஸ் தரையில் நீட்டிப் படுத்துச் சமாளித்துவிடும், ஷிட்சூ திணறும். மூச்சு கரகரத்து, எச்சில் கெட்டியாகி, நாக்கு கருஞ்சிவப்பானால் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்து, உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள், அது சூடாகி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

கோடைக்கு ஸ்பிட்ஸை மொட்டையடிப்பதும் வேண்டாம். அதன் முடி இரண்டு அடுக்கு. ஒட்ட வழித்தால் சில நாய்களுக்குத் திட்டுத்திட்டாகத்தான் திரும்ப முளைக்கும். உதிரும் உள்முடியை வாரி எடுத்தாலே போதும்.

ஷிட்சூவின் முடி நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். தினமும் உலோகச் சீப்பால் தோல்வரை வார வேண்டும். மேலாக பிரஷ் போட்டால் பார்க்கப் பளபளப்பாக இருக்கும். காதுக்குப் பின்னும் அக்குளிலும் சிக்கு ஏறியிருக்கும். சிக்கை எடுக்காமல் குளிப்பாட்டினால் கம்பளி போல இறுகி, கடைசியில் மழிப்பதுதான் வழி. தினசரி வார நேரமில்லை என்றால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை குட்டையாக வெட்டிவிடுங்கள், அழகுப் போட்டிக்கா போகப் போகிறது? துருத்திய கண்ணில் தூசு பட்டாலே கீறல் விழும். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

ஸ்பிட்ஸின் குறை வாய். கேட் சத்தம், பால்காரர், பக்கத்து வீட்டு மிக்ஸி, எல்லாவற்றுக்கும் குரைக்கும். சுவர் ஒட்டிய அபார்ட்மெண்டில் அக்கம்பக்கத்து உறவு கெடும். அங்கே ஏசியும் இருந்தால் ஷிட்சூவே சரி. ஸ்பிட்ஸுக்கு மூட்டுச் சில்லு நழுவும் தொல்லையும் உண்டு, சோபாவிலிருந்து குதிக்கப் பழக்காதீர்கள். வாரை இழுத்துக்கொண்டு நடக்கிற நாய்க்குக் கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டை நல்லது.

ஏற்காட்டில் கதை வேறு. 1,500 மீட்டர் உயரக் குளிர் ஷிட்சூவுக்குச் சௌகரியம், பனியும் மழையும்தான் பகை. நனைந்த முடியை டிரையரால் அடிவரை காயவைக்காவிட்டால் தோல் புண்ணாகும். காபித் தோட்டத்துக்குள் போய்வந்தால் எந்த நாயானாலும் காதுக்குள், விரலிடுக்கில், வாலடியில் உண்ணி தேடுங்கள்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பது நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017 மத்திய அரசு விதிகளின்படி தப்பு; வாங்காதீர்கள். குட்டியை மலைக்கு ஏற்றுவதானால் புறப்படுமுன் வயிறு முட்ட ஊட்ட வேண்டாம், இருபது கொண்டை ஊசி வளைவுக்குள் எல்லாம் சீட்டில் வந்துவிடும்.