கிராமப்புற கவுண்டியின் குடும்ப வருமானம்: எந்தக் கணக்கை நம்புவது?

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஓக்லாலா லகோட்டா என்றொரு கவுண்டி (நம்மூர் மாவட்டம்போல ஒரு நிர்வாகப் பகுதி) இருக்கிறது. பைன் ரிட்ஜ் பூர்வகுடிப் பகுதிக்குள் அடங்கியது; 2020 சென்சஸில் மக்கள்தொகை 13,672. இங்கே இடைநிலைக் குடும்ப வருமானம், அதாவது குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம், முப்பது ஆண்டுகளில் எப்படி மாறியது? இதை ஒரு கோடாக வரைய வேண்டுமானால் முக்கியமாக இரண்டு வழிகள்தான். இரண்டையும் நடத்துவது அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையான சென்சஸ் பீரோதான், ஆனாலும் விடைகள் ஒன்றுபோல் இருக்காது.

முதலாவது, அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே, சுருக்கமாக ஏசிஎஸ். 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கு ஆண்டுதோறும் புள்ளிவிவரம் தருகிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் ஐந்து ஆண்டுப் பதில்களைச் சேர்த்து ஒரே எண்ணாகத் தருவார்கள். 20,000 பேருக்கு மேல் உள்ள ஊர்களுக்கு மூன்றாண்டுக் கணக்கும் இருந்தது. 2011-13 தொகுப்போடு அதை நிறுத்திவிட்டார்கள். ஆக, நம் கவுண்டிக்கு ஐந்தாண்டுக் கணக்கு மட்டுமே.

இதன் பலம், மக்களிடம் நேரடியாகக் கேட்ட பதில் என்பது. வயது, இனம், சொந்த வீடா வாடகையா என்று உள்ளே புகுந்து பிரித்துப் பார்க்கலாம். சிக்கல் காலத்தில்தான். 2015-19 தொகுப்பையும் 2016-20 தொகுப்பையும் பக்கத்தில் வைத்து "வருமானம் ஏறிவிட்டது" என்று எழுதுகிறவர்கள் நிறைய. ஐந்தில் நான்கு ஆண்டுப் பதில்கள் இரண்டிலும் அதே பதில்கள்! 2010-14, 2015-19 என்று ஒன்றின்மேல் ஒன்று ஏறாத தொகுப்புகளைத்தான் ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் பத்து ஆண்டுகளுக்கு இரண்டே புள்ளிகள் கிடைக்கும். போதாக்குறைக்குப் பிழை வரம்பு வேறு, அதாவது எண் எவ்வளவு தவறியிருக்கலாம் என்ற அளவு. ஒரு பேச்சுக்கு, 35,000 டாலர், கூட்டியோ குறைத்தோ 5,000 என்று போட்டிருந்தால், அடுத்த தொகுப்பில் வரும் 38,000 உண்மையான ஏற்றமா என்று சொல்லவே முடியாது.

இரண்டாவது, சிறுபகுதி வருமான, வறுமை மதிப்பீடு. ஏழைக் குழந்தைகள் உள்ள பள்ளி மாவட்டங்களுக்கு மத்திய அரசின் நிதியைப் பங்கிட இந்த மதிப்பீடுகள்தான் பயன்படுகின்றன. 1989, 1993, 1995 ஆகிய ஆண்டுகளுக்கும், 1997-லிருந்து ஒவ்வோர் ஆண்டுக்கும் எல்லாக் கவுண்டிகளுக்கும் கிடைக்கிறது. ஏசிஎஸ்ஸின் ஓராண்டு பதில்களோடு வருமான வரிப் பதிவு, உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கை, பழைய சென்சஸ் எல்லாவற்றையும் ஒரு கணித மாதிரியில் (மாடல்) போட்டு எடுக்கும் எண் இது.

இங்கேதான் கவனம் தேவை. சர்வேயில் சிக்கிய வீடுகள் குறையக் குறைய, விடை சர்வேயை விட்டு மாதிரியின் பக்கம் சாய்ந்துகொண்டே போகும். 2020-ல் வெறும் 64 பேர் வாழ்ந்த டெக்சாஸின் லவிங் கவுண்டி போன்ற இடத்தில், "இப்படிப்பட்ட வரிப் பதிவுகள் உள்ள ஒரு கவுண்டியில் வருமானம் ஏறத்தாழ எவ்வளவு இருக்கும்" என்ற ஊகத்தைத்தான் பெரும்பாலும் வாசிக்கிறோம். அந்த ஊருக்கே உரிய விசித்திரம் எதுவும் அதில் தெரியாது. 2005-ல் இன்னொரு மாற்றமும் வந்தது: அதற்கு முன் அடித்தளமாக இருந்தது வேறொரு சர்வே, அப்புறம்தான் ஏசிஎஸ். 2004-க்கும் 2005-க்கும் இடையே கோடு துள்ளினால் உடனே காரணக் கதை எழுதிவிட வேண்டாம்.

இருந்தும், ஆண்டுவாரியாகக் கோடு வரைய வேண்டுமென்றால் நான் சிறுபகுதி மதிப்பீட்டைத்தான் எடுப்பேன். ஒரு குறிப்பிட்ட காலத்தில் வருமானம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்றால் ஏசிஎஸ். இரண்டையும் ஒட்டுப்போட்டு ஒரே கோடாக்குவதுதான் கூடவே கூடாது. 2000 வரை சென்சஸில் ஒரு பகுதி வீடுகளிடம் வருமானத்தையும் கேட்ட நீளப் படிவம் 1979, 1989, 1999 ஆண்டு வருமானங்களுக்கு நிறைய வீடுகளின் பதில்களிலிருந்து எண் தருகிறது. பழைய காலத்துக்குச் சரிபார்த்துக்கொள்ள அது உதவும்.

அமெரிக்க அரசின் பொருளாதார ஆய்வுப் பீரோவின் தனிநபர் வருமானம் 1969 முதல் ஆண்டுதோறும் இருக்கிறதே என்று சிலர் அதைத் தூக்கி வருவார்கள். அது சராசரி, இடைநிலை அல்ல. வயோமிங்கின் டீட்டன் கவுண்டியில் சில பெரும் பணக்காரர்களே சராசரியை வானத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். விவசாயக் கவுண்டியில் விற்காமல் குதிரில் கிடக்கும் தானியமும் அந்த ஆண்டு வருமானத்தில் சேரும். சிறை உள்ள ஊரில் கைதிகளும் வகுக்கும் எண்ணில் இருப்பார்கள். நம் கேள்விக்கு இது ஆகாது.

எதை எடுத்தாலும் இரண்டு வீட்டுவேலை உண்டு. சிறுபகுதி மதிப்பீடு அந்தந்த ஆண்டு டாலரில் இருக்கும். ஏசிஎஸ் ஐந்தாண்டுக் கணக்கு கடைசி ஆண்டு டாலரில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஆண்டு விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், ஓக்லாலா லகோட்டாவுக்கு 2015 வரை ஷானன் கவுண்டி என்று பெயர். அரசுக் குறியீடும் 46113-லிருந்து 46102 ஆனது. குறியீட்டை வைத்து அட்டவணைகளை இணைத்தால் ஒரு கவுண்டி செத்து இன்னொன்று பிறந்ததுபோல் கோடு இரண்டாக அறுந்து நிற்கும்.