அகம் கச்சேரிக்குக் காரைக்குடியிலிருந்து: பல்லவனா, காரா?

கர்நாடக ராகங்களை ராக் கிட்டாரோடு இழைக்கும் பெங்களூரு இசைக்குழு அகம். அவர்கள் சென்னையில் மேடையேறினால் எப்படிப் போவது?

பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயில் விடியற்காலை கிளம்பி மதியவாக்கில் எழும்பூரில் இறக்கிவிடும். செலவும் அலுப்பும் குறைவு. ஆனால் திரும்பும் வண்டி பிற்பகலிலேயே கிளம்பிவிடும்; கச்சேரியோ ராத்திரி. அறை எடுத்துத்தான் ஆகவேண்டும்.

கார் என்றால் திருமயம், புதுக்கோட்டை, திருச்சி, விழுப்புரம் வழியாக 400 கிலோமீட்டருக்கு மேல். நாலு பேர் பங்கிட்டால் டீசல் கட்டுப்படியாகும். திருமயம் கோட்டை தெரியும்போதே பாட்டைப் போட்டு, சீப்புச்சீடை டப்பாவைத் திறந்து, அகத்தின் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் இன்று எந்த ராகத்தை எவ்வளவு நேரம் பாடுவார் என்று வழியெல்லாம் வாதாடலாம். எனக்கு அந்தப் பேச்சும் கச்சேரியில் சேர்த்திதான், அதனால் கார்தான். ராத்திரியே திரும்புவதானால், ஓட்டத் தெரிந்தவர் இருவராவது வேண்டும்.