ஹீட் நம்பர் எங்கே? பொது டெஸ்டிங் லேபோடு என் அனுபவம்

பெங்களூர்ப் பக்கம் பல சிறு தொழில்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு நடத்தும் ஒரு பொது டெஸ்டிங் லேபை சில வருஷங்களாகப் பயன்படுத்துகிறோம். பேர் சொல்லப் போவதில்லை. சேலத்தில் சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும்) மெஷின் வைத்து ஏரோஸ்பேஸ், டிஃபென்ஸ் ஜாப் ஒர்க் எடுப்பவர்களுக்கு என்னென்ன டெஸ்ட் தேவை என்று நான் விளக்க வேண்டியதில்லை. டென்சைல் (இழுத்துப் பலம் பார்ப்பது), ஹார்ட்னஸ், கெமிக்கல், சால்ட் ஸ்ப்ரே (துருத் தாங்குமா என்று பார்ப்பது), சிஎம்எம் (அளவு சரிபார்ப்பது) எல்லாமே அங்கே உண்டு. மெஷின்கள் சுத்தம், காலிபரேஷன் தேதி தாண்டிய ஸ்டிக்கரை ஒரு முறைகூட நான் பார்த்ததில்லை, ரேட்டும் நியாயம்.

ஆட்களும் நல்லவர்கள். நாங்கள் 17-4 பிஎச் என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாரில் ‘பின்’ (பாகங்களைக் கோக்கும் சிறு உருளை) கடைகிறோம். கஸ்டமர் கேட்பது எச் 1025 கண்டிஷன், அதாவது 552 டிகிரியில் நான்கு மணி நேரம் சூட்டில் வைத்து எடுக்கும் ஏஜிங். ஹீட் ட்ரீட்மென்ட்டை வெளியில்தான் கொடுக்கிறோம். ஒரு லாட்டுக்கு சாம்பிள் கொண்டுபோன எங்கள் பையனை டெக்னீஷியன் உள்ளே கூப்பிட்டு மெஷின் பக்கத்திலேயே நிற்க வைத்தார். 12.5 மில்லி விட்டத்துக்குக் கடைந்த சாம்பிளை மெஷினின் ஜாவில் மாட்டி, நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்ஸோமீட்டரைக் கவ்வ வைத்து இழுத்தார். ஸ்கிரீனில் கோடு நேராக ஏறியது. பலம் 1070 மெகாபாஸ்கல் வந்தால் போதும், அதுவோ 1300ஐத் தாண்டிப் போய்த்தான் முறிந்தது. “பலம் கூடத்தானே வந்திருக்கு, நல்லதுதானுங்களே சார்?” என்று பையன் கேட்டிருக்கிறான். “இல்லப்பா, இது எச் 900 மாதிரி இருக்கு. 482 டிகிரியில ஒரு மணி நேரம் வெச்சு எடுத்துட்டாங்க போல. இந்தக் கண்டிஷன்ல ஸ்ட்ரெஸ் கரோஷன், அதாவது பாரமும் அரிப்பும் சேர்ந்து வந்தா வெடிப்பு விடும். அனுப்பிடாதீங்க” என்று அந்த நிமிஷமே என்னை போனில் கூப்பிட்டுச் சொன்னார். கஸ்டமரிடம் அனுமதி வாங்கி மறுபடி ஏஜிங் செய்து லாட்டைக் காப்பாற்றினோம். அந்த மனுஷருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன். ஹீட் ட்ரீட்மென்ட்காரரிடம் வாய்ச்சண்டை போடுவதும் அதோடு நின்றது, கிராஃபை நீட்டினால் போதும்.

இவ்வளவு இருந்தும் அந்த லேபிலிருந்து மெயில் வந்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. காரணம் ரிப்போர்ட்.

பார் எந்த உருக்கலில் இருந்து வந்தது என்று காட்டுவது ஹீட் நம்பர். ஸ்டீல் ஆலை தரும் மில் சர்டிபிகேட்டில் தொடங்கி கடைசி இன்ஸ்பெக்‌ஷன் வரைக்கும் அந்த ஒரே நம்பர் தொடர்ந்து வர வேண்டும், நடுவில் ஒரு தாளில் விட்டுப்போனாலும் கஸ்டமரின் கியூஏ (தரம் பார்க்கிறவர்) திருப்பி அனுப்பிவிடுவார். அவர் செய்வது சரி. விமானத்தில் போகிற பின் அது. டெஸ்ட் ரிக்வெஸ்ட் பாரத்தில் ஹீட் நம்பர், லாட் நம்பர், ட்ராயிங் நம்பர், அந்த ட்ராயிங்கின் எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் ரிவிஷன் என்று எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதித்தான் கொடுக்கிறோம். அங்கே கம்ப்யூட்டரில் ‘சாம்பிள் விவரம்’ என்று ஒரே ஒரு சின்னக் கட்டம். டைப் செய்கிறவர் அதில் அடங்குகிற அளவுக்கு வெட்டிவிடுகிறார். ஒரு தடவை ஹீட் நம்பரில் கடைசி இரண்டு எழுத்து இல்லை. இன்னொரு தடவை ரிவிஷனே இல்லை.

திருத்தம் கேட்டால் புது நம்பரில் புது ரிப்போர்ட் வரும், பழையதுக்குப் பதிலாக இது என்ற குறிப்போடு. லேப்களுக்கான தர விதியான ஐஎஸ்ஓ 17025 கேட்பது அதைத்தான், அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர்கள் விட்ட பிழையைத் திருத்த என்னிடம் கட்டணம் வாங்குவது என்ன நியாயம்? கையெழுத்துப் போட ஒரே ஒருவர். அவர் லீவு என்றால் காத்திருக்க வேண்டும். கடைந்த பின்கள் எண்ணெய் தடவி ட்ரேயில் கிடக்கும், பில் போட முடியாது, பேங்க் வட்டி மட்டும் ஓடும். சால்ட் ஸ்ப்ரே சேம்பரில் இடம் கிடைக்கக் காத்திருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன், 35 டிகிரியில் உப்புத் தண்ணீர் தெளிக்கிற டெஸ்ட்டை யாரும் அவசரப்படுத்த முடியாது. இரண்டு எழுத்துக்காகக் காத்திருக்கத்தான் முடியவில்லை.

இப்போது இதை எழுதக் காரணம், சூரமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி. “அண்ணா, சேலத்துலயே டிஃபென்ஸ் லேப் ஒண்ணு கூட்டா ஆரம்பிக்கலாம்னு பேசிக்கறாங்க. பங்கு போடலாங்களா?”

ஆசை எனக்கும் உண்டு. பெங்களூர் வழியில் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து ட்ராஃபிக் நின்றால் சாம்பிளும் அங்கேயே நிற்கும், அந்தத் தொல்லை தீரும். ராணுவத் தளவாடத் தொழிலுக்கென்று அரசு அறிவித்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. 2020 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த டெஸ்டிங் கட்டமைப்புத் திட்டத்தின் ஒதுக்கீடு 400 கோடி ரூபாய், செலவில் 75 சதவீதம் வரை மானியம், மீதி லேபை நடத்தும் கூட்டமைப்பின் பொறுப்பு என்பது அப்போதைய அறிவிப்பு. 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு மூன்று லேப்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள்: ஆளில்லா விமானம், மின்னணுப் போர், எலக்ட்ரோ ஆப்டிக்ஸ். மூன்றும் நாட்டுக்கு வேண்டியவைதான். லேத்தில் பின் கடைகிறவனுக்கு வேண்டிய டென்சைல் டெஸ்ட் அந்த மூன்றிலும் அடங்காது. அதனால் சேலத்தில் நமக்கென்று ஒன்று வேண்டும் என்று பேசுவதில் தப்பில்லை.

ஆனால் தம்பி கவனிக்க வேண்டியது வேறு. மானியம் லேபைக் கட்டி மெஷின் வாங்கிக் கொடுக்கும். அதற்குப் பிறகு பயன்படுத்துகிறவர்களிடம் வாங்கும் கட்டணத்தில் லேப் தானே நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. டைப் செய்கிறவர், சரிபார்க்கிறவர், கையெழுத்துப் போட இரண்டாவது ஆள் எல்லாருக்கும் சம்பளம் அந்தக் கட்டணத்தில்தான். காசு இறுகும்போது முதலில் கை வைப்பது அங்கேதான். இன்னொன்று: லேப்களைச் சோதித்து அங்கீகரிக்கும் அமைப்பான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனித்தனியாகத்தான். மெஷின் வந்திருக்கிறது என்பதற்காக அந்த ரிப்போர்ட்டைக் கஸ்டமர் ஏற்றுக்கொள்வார் என்று எண்ணிவிடக் கூடாது.

தம்பிக்கு என் பதில், இந்த லேபை இவ்வளவு புகழ்ந்த பிறகும்: இப்போதைக்குப் பங்கு போடாதே. எந்த மெஷின் வாங்குவது என்று கூட்டத்தில் பேசுவார்கள். நீ எழுந்து ரிப்போர்ட் பாரத்தைக் கேள். ஹீட் நம்பருக்கும் ரிவிஷனுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறதா, கையெழுத்துப் போட இரண்டு பேர் இருக்கிறார்களா, லேபின் பிழையை லேபே இலவசமாகத் திருத்துமா? மூன்றும் ஒப்பந்தத்தில் ஏறினால் சொல், நானும் பணம் போடுகிறேன்.