கலப்பதா, ஊறவைப்பதா, விளைவிப்பதா: கைட்டோசான்–அபடைட் கலப்பினத்துக்கு எந்த வழி?

எலும்பின் எடையில் ஏறக்குறைய 65 சதவீதம் கனிமம். மிச்சத்தில் பெரும்பங்கு கொலாஜன் என்ற புரதம், கொஞ்சம் நீர். அந்தக் கனிமத் துகளின் தடிமன் சில நானோமீட்டர்தான். இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் பாலிமரான கைட்டோசானையும், எலும்புக் கனிமத்தை ஒத்த கால்சியம் பாஸ்பேட்டான ஹைட்ராக்சிஅபடைட்டையும் (சுருக்கமாக அபடைட்) வைத்து இதற்கு நெருக்கமாக ஒன்றைச் செய்ய மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

சுலபமானது, விலைக்கு வாங்கிய அபடைட் பொடியைக் கைட்டோசான் கரைசலில் கொட்டிக் கலக்குவது. ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் நானோ பொடி ஈரம் பட்டதுமே கட்டிதட்டும். காய்ந்த படலத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரியும். இதைக் கலப்பினம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

அடுத்தது, ரத்த பிளாஸ்மாவின் அயனிகளை ஒத்த கரைசலில் படலத்தை ஊறவைப்பது. ஜப்பானிய ஆய்வாளர் கொகுபோ பிரபலமாக்கிய முறை. பிஎச் 7.4, வெப்பம் 36.5 டிகிரி. படியும் அபடைட் எலும்பினுடையதைப் போலவே இருக்கும். நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும், பெரும்பாலும் மேற்பரப்பில் மட்டுமே படியும். உலோக இம்பிளான்ட்டுக்குப் பூச்சு வேண்டுமென்றால் இதுவே சரி.

என் தேர்வு மூன்றாவது: கைட்டோசான் இருக்கும் இடத்திலேயே அபடைட்டை விளைவிப்பது. கால்சியம் ஹைட்ராக்சைடு கூழில், பாஸ்பாரிக் அமிலமும் கைட்டோசானும் சேர்ந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கால்சியம்–பாஸ்பரஸ் மோல் விகிதம் 1.67. கால்சியம் அயனிகள் பாலிமர் சங்கிலியைப் பற்றிக்கொள்வதால் படிகம் பெரிதாக வளர இடமில்லை, நானோ அளவிலேயே நின்றுவிடும்.

இதில் பிஎச்சை விட்டுக் கண்ணெடுக்கக் கூடாது. ஒருமுறை சொட்டு வேகத்தைக் கூட்டிவிட்டு வேறு வேலைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் கரைசல் அமிலமாகிவிட்டது. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனையான எக்ஸ்ஆர்டியில், 11.7 டிகிரியில் ஊசிபோல ஒரு பீக் (வரைபடத்தில் எழும் முகடு): அமிலத்தில் உருவாகும் வேறொரு கால்சியம் பாஸ்பேட்டான பிரஷைட். மூன்று நாள் வேலை வீண்.

சோதனைகளில் எக்ஸ்ஆர்டியை மட்டும் நம்பாதீர்கள். 32 டிகிரி அருகே பீக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து மேடாகத் தெரிந்தால் 'படிகமே ஆகவில்லை' என்று பலர் சாம்பிளைத் தூக்கிப் போடுகிறார்கள். படிகம் சிறிதானால் பீக் அகலமாகத்தான் வரும். கூர்மையாக்க உலையில் வைத்தால் கைட்டோசான் கருகிவிடும். கைட்டோசானும் அபடைட்டும் பிணைந்திருக்கின்றனவா என்பதற்குத் துப்பு தருவது, வேதிப் பிணைப்புகளைக் காட்டும் அகச்சிவப்புச் சோதனையான எஃப்டிஐஆர். வெறும் கலவையில் இரண்டின் பீக்குகளும் அவரவர் இடத்திலேயே நிற்கும், பிணைந்திருந்தால் கைட்டோசானின் அமைன் (நைட்ரஜன் உள்ள தொகுதி) பீக் சற்று நகரும். கனிமம் எவ்வளவு என்பதை, சூடாக்கிக்கொண்டே எடை பார்க்கும் டிஜிஏ சொல்லும்: கைட்டோசான் எரிந்து முடிந்தபின் தட்டில் மிஞ்சும் எடை, நீங்கள் போட்ட கணக்கைவிடக் குறைந்திருந்தால், காணாமல்போன கனிமத்தைக் கழுவிய தண்ணீரில் தேடிப் பாருங்கள்.