சாக்கு, துரு, சாம்பல்: மிக்ஸட் மீடியா அரூப ஓவியத்தில் ஒரு நீண்ட கால அனுபவம்

ஓவியப் பொருள்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் டியூபைத் திறந்த வாரத்திலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. நிறம் எவ்வளவு அடர்த்தி, தூரிகைக்கு எப்படி இழுபடுகிறது, கொடுத்த காசுக்குத் தகுமா என்பதோடு அவை முடிந்துவிடும். சில மழைக்காலங்களும் சில கத்திரி வெயில்களும் கடந்த பிறகு அதே படம் என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதுபவர்கள் குறைவு. வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் வேலை செய்யும் எனக்கு அந்தக் கேள்விதான் முதன்மையானது. அதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. நான் செய்பவை அடையாளம் தெரியும் உருவங்கள் இல்லாத அரூப ஓவியங்கள்; நிறத்தோடு வேறு பொருள்களையும் சேர்த்து ஒட்டும் மிக்ஸட் மீடியா முறை. என் படங்களில் ஒட்டியிருக்கும் சாக்கும் தகரமும் கடையில் வாங்கியவை அல்ல. என் வீட்டுக்கும் தெருவுக்கும் உரியவை. அப்படி உள்ளே கொண்டுவந்த சொந்த அர்த்தம் காலப்போக்கில் படத்துக்கு என்ன செய்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பெரியமேட்டில் 1850-இல் தொடங்கப்பட்ட அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தேன். அப்பா கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் லோடுமேனாக இருந்தவர். ஐம்பது கிலோ மூட்டையைக் கொக்கியால் இழுத்துத் தோளில் ஏற்றுவதே அவருடைய தொழில். வெற்றுத் தோளில் மூட்டை உராயாமல் இருக்க ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டுக்கொள்வார். அது வேலை முடிந்ததும் வீட்டு வாசலில் மிதியடியாகக் கிடக்கும். கல்லூரி நூலகத்தில் இத்தாலிய ஓவியர் அல்பெர்த்தோ புர்ரியின் படங்களைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த மிதியடிதான். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இருந்து பிடிபட்ட புர்ரி, டெக்சாஸில் இருந்த போர்க் கைதிகள் முகாமில் சாக்குத் துணியின் மேல் வரையத் தொடங்கினார். 1950-களில் கிழிந்த சாக்குகளைத் தைத்து ஒட்டியே படங்களை உருவாக்கினார். சாக்கை ஓவியமாக்கலாம் என்ற அனுமதி எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது. ஆனால் எந்தச் சாக்கு, அதன் எந்தப் பக்கம், எந்தக் கிழிசல் என்ற முடிவுகளுக்கு அவர் உதவ முடியாது. அவை எங்கள் வீட்டு வாசலிலிருந்து வர வேண்டியவை.

பொருள் என்ற அளவில் சணல் சாக்கைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமும் உண்டு, சில எச்சரிக்கைகளும் உண்டு. அதன் கரடான நெசவு நிறத்தைப் பிடித்துக்கொள்ளும் விதம் எந்தக் கான்வாஸுக்கும் வராது. காய்ந்த தூரிகையால் வெள்ளையை மேலோட்டமாக இழுத்தால் இழைமுடிச்சுகள் மட்டும் வெளுத்து, இடுக்குகள் பழுப்பாகவே நிற்கும். ஆனால் சணலில் லிக்னின் என்ற, நார்களைப் பிணைக்கும் தாவரப் பொருள் அதிகம் என்பதால் வெயில் பட்டால் நிறம் மாறி, இழை நொய்ந்து உதிரும். செய்தித்தாள் மஞ்சளாவதற்கும் இதுவே காரணம். தெற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே மாட்டிய ஒரு சிறிய படத்தில், நிறம் பூசாமல் விட்ட சாக்கு விளிம்பைக் கட்டைவிரலால் தடவினாலே இப்போது தூள் ஒட்டுகிறது; அதே காலத்தில் செய்து உள்ளறையில் மாட்டிய படம் திடமாக இருக்கிறது. சாக்கை வெயிலில் உதறி, அரிசி வண்டு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கொட்டகைக்குள் எடுத்துவர வேண்டும். இப்போது பரவலாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் சாக்குகளை நான் தொடுவதில்லை. அவற்றின் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் மேல் அக்ரிலிக், அதாவது தண்ணீரில் குழைத்துப் பூசும் செயற்கைப் பிசின் நிறம், ஒட்டாது. காய்ந்த பிறகு நகத்தால் கீறினால் ஏடு போல உரிந்து வந்துவிடும்.

சாக்கை ரீப்பர் சட்டத்தில் இழுத்து ஆணியடிப்பதையும் விட்டுவிட்டேன். சணல் காற்றின் ஈரத்தை நிறைய உறிஞ்சும் என்பதால் ஐப்பசியில் ஒரு மாதிரியும் வைகாசியில் வேறு மாதிரியும் இழுபடுகிறது. மேலே இருக்கும் தடித்த நிறம் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் விரிசல் விடுகிறது. மரைன் பிளைவுட்டின் இரண்டு பக்கங்களையும் ஓரங்களையும் அக்ரிலிக் ப்ரைமர் என்ற அடிப்பூச்சால் மூடிவிட்டு, அதன் மேல் சாக்கை ஒட்டுவதே நம் ஊருக்கு ஏற்ற முறை. ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும்.

பசை விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மைதா பசை மலிவானது, மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் பூச்சி வராது என்று பைண்டிங் கடைக்காரர்கள் சொல்வார்கள். பூச்சி வரவில்லை என்பது உண்மைதான், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் பூஞ்சைக்கு அது தடையாகவில்லை. தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை உலர்ந்த காலத்தில் கல்லாகப் பிடிக்கிறது. தொடர்ந்து ஈரம் இருந்தால் இளகி, சாக்கின் ஓரங்கள் மேலெழுகின்றன. நிறம் சேர்க்காத கெட்டியான அக்ரிலிக் பிசினான அக்ரிலிக் ஜெல் மீடியம் விலை பல மடங்கு என்றாலும் அதில் ஒட்டியவை எதுவும் இதுவரை அசையவில்லை. பெரிய பரப்புகளின் அடித்தளத்துக்கு வீட்டுச் சுவர் எமல்ஷன் போதுமானது. மேற்பரப்பில் அதன் நிறம் சீக்கிரம் மங்கிச் சுண்ணாம்பு போல ஆகிவிடுகிறது.

இனி துரு. கடல்காற்றும் உப்பும் உள்ள ஊரில் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்க எந்த முயற்சியும் தேவையில்லை; அதை நிறுத்துவதுதான் வேலை. பழைய கூரைத் தகரத்தின் துண்டுகளை அப்படியே ஒட்டி மேலே வெள்ளை பூசினால், அக்ரிலிக் ஏடு நீராவியை முழுமையாகத் தடுக்காது என்பதால் அடியில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும். ஓர் ஆணியைச் சுற்றி முதலில் கடுகளவு செம்மஞ்சள் புள்ளி தெரியும். அடுத்த மழைக்காலத்தில் அது வளையமாகும். பிறகு அந்த வளையத்துக்குள் வெள்ளை ஏடு மெல்ல உப்பி வெடிக்கும். இதற்கு எனக்குக் கிடைத்த தீர்வு நாட்டு மருந்துக் கடையில் இருந்தது. கடுக்காயின் கொட்டையை நீக்கித் தோலை இடித்து, இரவு ஊறவைத்து, பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டிக்கொள்கிறேன். தளர்ந்த துருவைக் கம்பிப் பிரஷால் தேய்த்துவிட்டு, இந்த நீரைத் தூரிகையால் தடவுகிறேன். சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு துருவின் ஓரங்களில் ஊதா படரும். அது கருநீலமாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுத் தகடும் மை பூசியது போலாகிவிடும். கடுக்காயில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் துருவோடு சேர்ந்து கருமையான இரும்புச் சேர்மமாக மாறுவதுதான் இதன் வேதியியல். கலம்காரித் துணியின் கருப்பும் இதே வழியில்தான் பிறக்கிறது: கடுக்காய் ஏற்றிய துணியில், இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு புளிக்கவைத்த நீரால் கோடிழுத்தால் கோடு கருக்கிறது. நான் இப்படிச் செய்த தகடுகளில் நீலச்சாயல் குறைந்து பழுப்பு கலந்த கருப்பாகியிருக்கிறதே தவிர, துரு அநேகமாக நின்றுவிட்டது. நீர் சரியாகப் படாத மடிப்புகளில் மட்டும் செம்மஞ்சள் கசிகிறது. அந்தக் கசிவுகளை நான் மறைப்பதில்லை.

நண்பர்களோடு சேர்ந்து நடத்திய ஒரு குழுக் கண்காட்சியில் சாக்குப் படங்களை வைத்தேன். சுவரில் ஒட்டிய குறிப்பில் அப்பாவின் தொழிலைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த ஒருவர், சாக்கின் ஒவ்வொரு ஓட்டையின் முன்னும் நின்று, உழைப்பின் தழும்புகள் என்று வியந்துகொண்டிருந்தார். அப்பா வெகுநேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "சார், இது கொக்கி போட்டது. அது எலி கடிச்சது. ஓரத்துல கீறது தையல் பிரிஞ்சது" என்று விரலால் சுட்டிச் சொன்னார். கொக்கி குத்தினால் இழைகள் ஒரு பக்கமாக இழுபட்டு முக்கோணமாகக் கிழியும், எலி கடித்தால் விளிம்பு பற்களின் வடிவில் துண்டுதுண்டாக அறுந்திருக்கும் என்று அவருக்கு விளக்கமும் கொடுத்தார். வந்தவர் சற்றே ஏமாந்துபோனார் என்று நினைக்கிறேன். பிறகு என்னிடம் திரும்பிய அப்பா, "இன்னாம்மா, எலி கடிச்சதையும் சேத்தாமா வெச்சிக்கீற?" என்றார்.

அதற்கு நான் சொன்ன பதில்தான் இத்தனை காலப் பயன்பாட்டில் நான் வந்தடைந்த முடிவும்: ஓட்டை அந்த இடத்தில் வேண்டியிருந்தது. சாக்கு அப்பாவின் தோளிலிருந்து வந்தது என்பது வேலை செய்யும்போது என்னைக் கட்டுப்படுத்துகிறது. கோணி ஊசியால் கிழிசலைத் தைத்து மூடலாமா, மூடக் கூடாதா. மூட்டையின் எடை தெரிய வேண்டுமென்றால் கருமை மேலே வர வேண்டுமா, கீழே வர வேண்டுமா. ஆலையின் முத்திரை எழுத்துகளை எவ்வளவு தூரம் விட்டுவைப்பது என்ற நூறு முடிவுகளை அந்த நினைவு எனக்காக எடுக்கிறது. அந்த நினைவு இல்லாவிட்டால் அரூப ஓவியத்தில் எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அந்தச் சுதந்திரம் அழகான, சோம்பேறித்தனமான படங்களைத்தான் தருகிறது. ஆனால் முடிவுகள் எடுக்கப்பட்ட பிறகு நினைவு தன் வேலையை முடித்துவிடுகிறது. எலி கடித்த ஓட்டையும் கொக்கி கிழித்த ஓட்டையும் பார்ப்பவருக்கு இருட்டான இரண்டு வடிவங்களே. அவை படத்தில் நிற்கின்றனவா என்பதுதான் பிறகு மிஞ்சும் கேள்வி. குறிப்பைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்ப்பவர்கள், குறிப்பில் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதனால் இப்போது சுவரில் குறிப்பு ஒட்டுவதில்லை.

சென்னைக்கு இது புதிய சிக்கல் அல்ல. 1966-இல் சென்னையை ஒட்டிச் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தோற்றுவித்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டங்களும் ஏட்டெழுத்துகளும் போன்ற வரிகளை நிரப்பினார். எழுத்து மாதிரி இருக்கிறது, வாசிக்க முடியாது. வாசிக்க முடியாதபோதுதான் அதன் நெளிவும் அடர்த்தியும் கண்ணுக்குப் படுகின்றன. என் சாக்கில் இருக்கும் ஆலை முத்திரையின் பாதி எழுத்துகளை எவ்வளவு அழிக்க வேண்டும் என்பதை நான் அங்கிருந்துதான் கற்றேன். அரூபம் நம் மக்களுக்குப் புரியாது என்று அடிக்கடி சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரூப ஓவியங்களும் வரைந்த ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் கோடுகளைத் தமிழ் வாசகர்கள் இதழ்களின் பக்கங்களிலும் நூல் அட்டைகளிலும் பல ஆண்டுகள் பார்த்துப் பழகியவர்கள்தான்.

சாம்பலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் மூடப்பட்ட பழைய எண்ணூர் அனல்மின் நிலையமும் அத்திப்பட்டு நிலையமும் வடசென்னைக்குக் கொடுத்த நிறம் அது. நிலக்கரி எரிந்த பின் மிஞ்சும் நுண்சாம்பலான ஃபிளை ஆஷ் கொண்டு செங்கல் செய்யும் இடத்தில் கிடைப்பதைச் சலித்து அக்ரிலிக் மீடியத்தில் குழைத்தால், எந்த டியூபிலும் வராத ஒரு வெதுவெதுப்பான சாம்பல் நிறம் கிடைக்கிறது. நான் பயன்படுத்தியவற்றில் மிகக் குறைவாக மாறியது இதுதான். துகள் மிக நுண்ணியது என்பதால் நல்ல முகக்கவசம் இல்லாமல் கையாளவே கூடாது. உலர்ந்த பிறகும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் ஈரத்தில் தேய்க்கவும்.

எனக்கு இன்னும் வசப்படாத பொருள் ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது, அங்கே குப்பத்தில் இருக்கும் என் தாய்மாமா வீட்டு வலைகளும் படகும் கருத்துப்போயின. அவர் தூக்கி எறிய இருந்த ஒரு வலைத்துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். எண்ணெய் படிந்த நைலான் மேல் நீரில் கரையும் எந்த நிறமும் நிற்கவில்லை. ப்ரைமர் போட்ட பலகையில் வைத்தால், எண்ணெய் அதை ஊடுருவிப் பழுப்பு நிழலாகப் பரவுகிறது. சோப்புத் தண்ணீரில் கழுவினால் ஒட்டும், ஆனால் கழுவிய பிறகு அது வெறும் வலை. கண்ணாடிக்குள் அடைத்துப் பார்த்தேன். அப்போது அது அருங்காட்சியகப் பொருளாகிவிடுகிறது. பார்த்த எல்லோரும் உடனே எண்ணூர் என்றார்கள், ஒருவரும் அதற்கு மேல் பார்க்கவில்லை. ஊரே அறிந்த துயரத்தைச் சுமக்கும் பொருள், எதை வைப்பது எதை விடுவது என்று என்னைக் கட்டுப்படுத்தாமல், வாயை மட்டும் அடைக்கிறது. சாக்கின் அர்த்தம் சிறியது, எனக்கு மட்டும் உரியது. அதனால் அதனோடு வேலை செய்ய முடிகிறது.

பாதுகாப்பு பற்றி இரண்டு சொல். அக்ரிலிக் வெப்பத்தில் இளகும். தகரக் கொட்டகையில் மே மாதம் படங்களை முகத்தோடு முகம் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும் ஸ்டிக்கரின் பின்தாள், அதாவது சிலிக்கான் பூசிய தாள், இடையில் வைக்க மிகச் சிறந்தது. வார்னிஷை மழை நாளில் அடிக்காதீர்கள். பால் படர்ந்தது போல வெளுத்துவிடும்.

இந்த முறையை யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், ஒரு பொருளோடு பல ஆண்டுகள் பழகிவிட்டு, அதைப் படத்துக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு. காயலான் கடையில் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தது என்று ஒரு துருப்பிடித்த பல்சக்கரத்தை வாங்கி ஒட்டுவதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை. விற்கும் படங்களின் பின்புறத்தில் எந்தெந்தப் பொருள்கள், எந்தப் பசை, எந்த ஆண்டு என்று எழுதி, நேர் வெயிலும் ஈரச் சுவரும் ஆகாது என்று சேர்த்துக் கொடுக்கிறேன். அப்பாவைப் பற்றி அதில் எதுவும் இருக்காது. வாங்குபவர் கேட்டால் சொல்கிறேன். இதுவரை வாங்கியவர்களில் பெரும்பாலோர் கேட்டது, எலி கடித்த ஓட்டை பெரிதாகுமா என்பதைத்தான். ஜெல் மீடியம் போட்டிருப்பதால் ஆகாது.